ஒரே வீட்டில் இரண்டு குடித்தனம்

தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று திருவள்ளூர் மாவட்டத்தில் தொடங்கியது. அந்தக் கணினியை ஆன் செய்த மாணவர்களின் முன்னால் முதலில் வந்து நின்றது ஒரு சின்னப் பட்டியல். ஒரு வரியில் விண்டோஸ், இன்னொரு வரியில் பாஸ் லினக்ஸ். மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் டெபியனை அடித்தளமாக வைத்து உருவாக்கியதுதான் பாஸ். யோசிக்காமல் விண்டோஸ் வரியிலேயே என்டர் தட்டிப் பழகியவர்கள் ஏராளம். ஆனாலும் ஒரே கணினியில் இரண்டு இயங்குதளங்கள் குடியிருக்க முடியும் என்பதை ஒரு தலைமுறையே தன் கண்ணால் பார்த்தது அப்போதுதான்.

அந்தப் பட்டியலுக்கு இப்போது மறுபடியும் தேவை வந்திருக்கிறது. விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14 அன்று நிறுத்தியது. கூடுதல் பாதுகாப்புத் திட்டத்தில் சேர்ந்த வீட்டுப் பயனர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை தவணை உண்டு, அதற்குமேல் இல்லை. விண்டோஸ் 11-க்குப் போகலாம் என்றால், டி.பி.எம். 2.0 சில்லும், இன்டெல் என்றால் ஏறக்குறைய 8-ஆம் தலைமுறை முதலான செயலியும் வேண்டும். 2016-இல் வாங்கிய, இன்றும் நன்றாக ஓடுகிற கணினி அந்த வாசலைத் தாண்டாது.

லினக்ஸுக்கு முழுதாக மாறிவிடுங்கள் என்று சொல்வது எளிது. கடைக் கணக்கு டேலியில் இருக்கிறது. அழைப்பிதழ் வடிவமைப்பவருக்கு ஃபோட்டோஷாப் வேண்டும். கல்லூரிப் பிள்ளைக்கு வேலரன்ட் ஆட வேண்டும். இவர்கள் விண்டோஸை வைத்துக்கொண்டே பக்கத்தில் லினக்ஸைக் குடிவைக்கப் பார்க்கிறார்கள். அவர்களுடைய முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: எந்த டிஸ்ட்ரோ?

கேள்வி எளியது; பதில்தான் மலைக்க வைக்கும். ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் வெளியிட்டது கெர்னல் என்ற கருவை மட்டுமே. அதோடு மென்பொருள்கள், திரைத் தோற்றம், நிறுவும் கருவி, தொடர்ந்து வரும் அப்டேட்டுகள் எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டிக் கொடுப்பதுதான் டிஸ்ட்ரிபியூஷன், சுருக்கமாக டிஸ்ட்ரோ. கட்டுகிறவருக்குத் தகுந்தாற்போல் கட்டு மாறும். ஸ்லாக்வேரும் டெபியனும் 1993-இல் பிறந்து இன்றும் உயிரோடு இருக்கின்றன. உபுண்டு 2004-இல் வந்தது. இன்று புழக்கத்தில் இருப்பவை சில நூறு.

புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் டிஸ்ட்ரோவாட்ச் தளத்தின் தரவரிசையைப் பார்த்து முடிவெடுக்கிறார்கள். இது தவறான அளவுகோல். அந்த வரிசை, ஒவ்வொரு டிஸ்ட்ரோவுக்கும் அந்தத் தளத்தில் உள்ள பக்கத்தை எத்தனை பேர் திறந்து பார்த்தார்கள் என்பதன் கணக்கு. எத்தனை பேர் நிறுவினார்கள், எத்தனை பேர் ஆறு மாதம் கழித்தும் வைத்திருக்கிறார்கள் என்பதெல்லாம் அதில் வராது. எம்.எக்ஸ். லினக்ஸ் அந்தப் பட்டியலில் பல ஆண்டுகள் முதலிடத்தில் இருந்தது. நல்ல டிஸ்ட்ரோதான், ஆனால் உலகிலேயே அதிகம் பேர் பயன்படுத்துவது அதுதான் என்று அதற்குப் பொருள் இல்லை.

தனியாக ஒரு கணினிக்கு லினக்ஸ் தேடுகிறவர் அழகைப் பார்க்கலாம், வேகத்தைப் பார்க்கலாம். விண்டோஸோடு சேர்த்து வைக்கப் போகிறவர் முதலில் பார்க்க வேண்டியது ஒண்டுக்குடித்தனத்துக்கு ஏற்ற குணம் இருக்கிறதா என்பதை. ஒரே வாசல், ஒரே சாவி, ஒரே முற்றம். பக்கத்துக் குடித்தனக்காரர் யாரையும் கேட்காமல் பூட்டை மாற்றக்கூடியவர். அவரோடு சச்சரவில்லாமல் இருக்கத் தெரிந்த டிஸ்ட்ரோதான் டூயல் பூட்டுக்குச் சரியான டிஸ்ட்ரோ.

வாசலில் இருந்தே தொடங்கலாம். இன்றைய கணினிகள் யு.இ.எஃப்.ஐ. முறையில் பூட் ஆகின்றன. ஹார்டுடிஸ்கின் ஒரு மூலையில் இ.எஃப்.ஐ. பார்ட்டிஷன் என்ற சிறு பகுதி இருக்கும். விண்டோஸ் வழக்கமாக அதற்கு 100 எம்.பி. ஒதுக்கும். விண்டோஸின் பூட் கோப்பும் லினக்ஸின் பூட் கோப்பும் அந்தச் சிறு இடத்தில்தான் அருகருகே உட்கார வேண்டும். கணினி ஆன் ஆனதும் லினக்ஸின் கிரப் என்ற நிரல் எழுந்து, எந்தப் பக்கம் போகலாம் என்று கேட்கும். அந்தக் காலத்து பயாஸ் முறையில் விண்டோஸை மறுபடி நிறுவினால் கிரப் அழிந்தே போகும். இப்போது அழிவதில்லை, வரிசையில் பின்னுக்குத் தள்ளப்படும். பயாஸ் செட்டிங்கில் போய் முன்னுக்குக் கொண்டுவந்தால் போதும். முதலில் விண்டோஸ், பிறகு லினக்ஸ் என்ற பழைய நிறுவல் வரிசை இன்றும் நல்ல பழக்கம்தான்.

வாசலுக்குப் பூட்டு செக்யூர் பூட். கையொப்பமில்லாத எதையும் அது உள்ளே விடாது. அந்தக் கையொப்பத்தின் சாவி மைக்ரோசாஃப்டிடம் இருக்கிறது. அதனால் பெரிய டிஸ்ட்ரோக்கள் ஷிம் என்ற சிறு நிரலுக்கு மைக்ரோசாஃப்டின் கையொப்பம் வாங்கி வைத்திருக்கின்றன. ஷிம் கிரப்பைச் சரிபார்க்கும், கிரப் கெர்னலைச் சரிபார்க்கும். உபுண்டு, ஃபெடோரா, ஓப்பன்சூஸ, மிண்ட் ஆகியவையும், 2019-இல் வந்த 10-ஆம் பதிப்பு முதல் டெபியனும் இந்த ஏற்பாட்டோடுதான் வருகின்றன. ஆர்ச் லினக்ஸ் தானாக இதைத் தருவதில்லை. சிஸ்டம்76 நிறுவனத்தின் பாப் ஓ.எஸ். நிறுவ வேண்டுமென்றால் செக்யூர் பூட்டை அணைக்க வேண்டும். தனிக் கணினியில் அணைத்துவிட்டுப் போகலாம். விண்டோஸ் 11-இல் வேலரன்ட் ஆடுகிற பிள்ளை இருக்கும் வீட்டில் அது நடக்காது. அந்த விளையாட்டின் காவல் நிரல் செக்யூர் பூட்டும் டி.பி.எம்.மும் இயங்க வேண்டும் என்று கேட்கிறது. லினக்ஸில் அந்த விளையாட்டு ஓடவும் ஓடாது. பாப் ஓ.எஸ். இந்த வீட்டுக்குப் பொருந்தாமல் போவது இந்தப் பூட்டு ஒன்றினால்தான்.

பூட்டை மாற்றினால் என்ன ஆகும் என்பதை 2024 ஆகஸ்ட் 13 காட்டியது. அன்று வந்த விண்டோஸ் மாதாந்தர அப்டேட், பழைய கிரப் பதிப்புகளில் இருந்த ஒரு பாதுகாப்பு ஓட்டையை அடைக்க நினைத்தது. 2022-இலேயே தெரியவந்த ஓட்டை அது. எந்தெந்தப் பூட் நிரல்களை இனி நம்பக்கூடாது என்ற பட்டியலைக் கணினியின் ஃபர்ம்வேரில் எழுதிவிடுவதுதான் அப்டேட்டின் வேலை. டூயல் பூட் கணினிகளை இது தொடாது என்று மைக்ரோசாஃப்ட் சொல்லியிருந்தது. தொட்டுவிட்டது. மறுநாள் லினக்ஸைத் தேர்ந்தெடுத்தவர்களின் திரையில் ஏதோ கடுமையான தவறு நேர்ந்துவிட்டது என்ற ஆங்கில வரி ஒன்று வந்து, கணினி அணைந்தது. உபுண்டு, மிண்ட், சோரின், பப்பி, டெபியன் எனப் பல டிஸ்ட்ரோக்கள் மாட்டின; அவற்றில் அப்போதைய புதிய வெளியீடுகளும் உண்டு. மைக்ரோசாஃப்டின் நிரந்தரத் தீர்வு வர 2025 மே மாதம் ஆயிற்று.

ஆனால் பாதிக்கப்பட்டவர்கள் அதுவரை காத்திருக்கவில்லை. செக்யூர் பூட்டைத் தற்காலிகமாக அணைத்து, லினக்ஸுக்குள் போய், ஒரு கட்டளையால் அந்தப் பட்டியலை நீக்கி, மறுபடி செக்யூர் பூட்டை இயக்கினால் சரியாகிவிடும் என்ற வழி சில நாட்களுக்குள் பரவிவிட்டது. ஆயிரக்கணக்கானோர் ஒரே பள்ளத்தில் விழுந்ததால் ஏணி சீக்கிரம் கிடைத்தது. டூயல் பூட்டுக்குப் பெரிய பயனர் கூட்டம் உள்ள டிஸ்ட்ரோவை எடு என்று அனுபவசாலிகள் சொல்வதற்குக் காரணம் இதுதான். முந்நூறு பேர் மட்டும் பயன்படுத்தும் அழகான டிஸ்ட்ரோவில் இதே பிழை வந்தால், தீர்வைத் தேடுகிற முதல் ஆள் நீங்களாகத்தான் இருப்பீர்கள்.

டிஸ்ட்ரோ எதுவானாலும் விண்டோஸ் பக்கம் செய்து முடிக்க வேண்டிய வேலைகள் சில உண்டு. இவற்றைச் செய்யாமல் வரும் சிக்கல்களுக்கும் பழி லினக்ஸின் தலையில்தான் விழுகிறது.

முதலாவது பிட்லாக்கர். 2024-இன் இறுதியில் வந்த விண்டோஸ் 11 பதிப்பைப் புதிதாக நிறுவி, மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தால், டிஸ்க் தானாகவே பூட்டப்படுகிறது. பூட் ஆகும் வழியில் ஏதாவது மாறினால் விண்டோஸ் சந்தேகப்பட்டு 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கும். அந்தச் சாவி எங்கே இருக்கிறது என்று அந்த நேரத்தில் தேடக்கூடாது. மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருந்து எடுத்து ஒரு தாளில் எழுதி வைத்துவிட்டுத்தான் பென்டிரைவைக் கையில் எடுக்க வேண்டும். அடுத்தது ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப். விண்டோஸ் 8 காலத்தில் வந்த இந்த வசதியால் ஷட்டௌன் கொடுத்தாலும் விண்டோஸ் முழுதாக உறங்குவதில்லை, அரைக்கண் மூடிக் கிடக்கும். அந்த நிலையில் லினக்ஸிலிருந்து டி டிரைவைத் திறந்தால் படிக்கலாம், எழுத முடியாது என்ற பதில் வரும். சில வேளை திறக்கவே திறக்காது. பவர் ஆப்ஷனில் ஒரு டிக் எடுத்தால் தீர்ந்தது.

சில இன்டெல் மடிக்கணினிகளில் லினக்ஸ் நிறுவும் கருவி டிஸ்கையே காணவில்லை என்று சொல்லும். ஆர்.எஸ்.டி. அல்லது வி.எம்.டி. என்ற பெயரில் பயாஸில் இருக்கும் அமைப்புதான் காரணம். அதை ஏ.எச்.சி.ஐ. என்று மாற்றினால் லினக்ஸ் டிஸ்கைப் பார்க்கும். அதே நொடியில் விண்டோஸ் நீலத் திரையில் நின்றுவிடும். விண்டோஸை ஒருமுறை சேஃப் மோடில் திறக்கும்படி அமைத்துவிட்டு, அதன் பிறகு பயாஸில் மாற்றினால் இரண்டும் பிழைக்கும். வரிசை முக்கியம்.

இடம் பிரிப்பது அடுத்த கட்டம். விண்டோஸின் பார்ட்டிஷனை விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட் கருவியாலேயே சுருக்குவது பத்திரம். 256 ஜி.பி. எஸ்.எஸ்.டி.தான் இருக்கிறது என்றால் 50, 60 ஜி.பி. ஒதுக்கினால் தாராளமாகப் புழங்கலாம். மிண்ட் குறைந்தது 20 ஜி.பி., வசதியாக 100 ஜி.பி. என்கிறது; உபுண்டு 24.04 கேட்பது 25 ஜி.பி. மேசைக் கணினியில் இரண்டாவது டிஸ்க் போட இடம் இருந்தால் யோசிக்கவே வேண்டாம், லினக்ஸுக்குத் தனி டிஸ்க் வாங்கிவிடலாம். அப்போதும் பூட் கோப்பு எந்த டிஸ்கின் இ.எஃப்.ஐ. பார்ட்டிஷனில் போகிறது என்று கவனிக்க வேண்டும். நிறுவும் கருவிகள் சில, கேட்காமலே முதல் டிஸ்கில் கொண்டுபோய் வைத்துவிடும். நிறுவும்போது விண்டோஸ் டிஸ்கின் கேபிளைக் கழற்றி வைக்கிற பழைய மெக்கானிக் வழிக்கு இன்றும் ஈடு கிடையாது.

இனி டிஸ்ட்ரோக்கள்.

லினக்ஸ் மிண்டில் தொடங்குவதற்குக் காரணம் உண்டு. 2006-இல் கிளெமென்ட் லெஃபெவ்ர் தொடங்கிய இந்தத் திட்டம் உபுண்டுவின் மேல் கட்டப்பட்டது. சினமன் என்ற அதன் திரையில் கீழே டாஸ்க்பார், இடது மூலையில் மெனு, வலது மூலையில் கடிகாரம். விண்டோஸ் 7-இல் கைபழகியவர் ஐந்து நிமிடத்தில் வேலை பார்க்கத் தொடங்கிவிடுவார். டூயல் பூட்டுக்கு மிண்டின் உண்மையான பலம் அதன் நிறுவும் கருவிதான். விண்டோஸ் இருப்பதைக் கண்டுபிடித்து, அதனருகில் நிறுவலாமா என்று கேட்கும். ஆம் என்றால், டிஸ்கை ஒரு நீளப் பட்டையாகக் காட்டி நடுவில் ஒரு கோடு வைக்கும். கோட்டை இழுத்து, இந்தப் பக்கம் விண்டோஸுக்கு இத்தனை, அந்தப் பக்கம் லினக்ஸுக்கு இத்தனை என்று பிரித்துவிடலாம். பார்ட்டிஷன் என்ற சொல்லைக் கேட்டாலே பயப்படுகிறவர்களுக்கும் அந்தக் கோடு புரியும். 22-ஆம் வரிசை 2024-இல் வந்தது, 2029 வரை ஆதரவு. டைம்ஷிஃப்ட் என்ற கருவி சிஸ்டத்தின் நிலையைப் படமெடுத்து வைக்கும். ஓர் அப்டேட் கெடுத்துவிட்டால் நேற்றைய நிலைக்குத் திரும்பலாம்.

மிண்டின் வரலாற்றில் ஒரு கறுப்பு நாளும் உண்டு, அது தரும் பாடம் எல்லா டிஸ்ட்ரோவுக்கும் பொருந்தும். 2016 பிப்ரவரி 20 அன்று மிண்டின் தளத்துக்குள் புகுந்தவர்கள், டவுன்லோடு இணைப்பை மாற்றி, பின்கதவு வைத்த போலிக் கோப்புக்குத் திருப்பிவிட்டார்கள். அன்று 17.3 சினமன் பதிப்பை அந்த இணைப்பில் இறக்கியவர்கள் மாட்டிக்கொண்டார்கள். மிண்ட் குழு உடனே வெளிப்படையாக அறிவித்தது, அதுவே அதன்மேல் நம்பிக்கையைக் காப்பாற்றியது. இறக்கிய கோப்பின் செக்சம் எண்ணை ஒப்பிட்டுப் பார்க்க இரண்டு நிமிடம் ஆகும். மூன்று ஜி.பி.க்கு அருகில் இறக்கிவிட்டு, அந்த இரண்டு நிமிடத்தைத் தவிர்ப்பதில் அர்த்தமில்லை.

மிண்டின் தாய்வீடு உபுண்டு. மார்க் ஷட்டில்வொர்த்தின் கனானிக்கல் நிறுவனம் பின்னால் நிற்கிறது. ஒரு காலத்தில் கேட்டவர்களுக்கெல்லாம் உபுண்டு குறுந்தகட்டை இலவசமாகத் தபாலில் அனுப்பிய நிறுவனம் இது. 2011 வரை அந்த ஏற்பாடு நடந்தது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஏப்ரலில் வரும் எல்.டி.எஸ். பதிப்பைத்தான் டூயல் பூட்டுக்கு எடுக்க வேண்டும். ஐந்து ஆண்டு ஆதரவு உண்டு. இடையில் வரும் பதிப்புகளுக்கு ஒன்பதே மாதம்தான். வன்பொருள் நிறுவனங்கள் லினக்ஸுக்கு டிரைவர் எழுதினால் பெரும்பாலும் முதலில் சோதிப்பது உபுண்டுவில். புது மடிக்கணினி, என்விடியா கிராஃபிக்ஸ் அட்டை என்றால் இது முக்கியம்.

அந்த என்விடியா அட்டைக்காரர்கள் ஒரு திரையை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். செக்யூர் பூட் இயங்கும் கணினியில் டிரைவர் நிறுவும்போது உபுண்டு ஒரு கடவுச்சொல்லைக் கேட்கும். ரீஸ்டார்ட் ஆகும்போது நீல நிறத்தில் ஒரு மெனு வரும், சில நொடிகள்தான் நிற்கும். அதில் என்ரோல் என்று தொடங்கும் வரியைத் தேர்ந்து, அந்தக் கடவுச்சொல்லைக் கொடுக்க வேண்டும். புரியாமல் கன்டினியூ தட்டியவர்களுக்குக் கணினி திறக்கும், டிரைவர் மட்டும் வேலை செய்யாது. பிறகு டிஸ்ட்ரோ சரியில்லை என்று அதை அழித்துவிட்டு வேறொன்று போடுவார்கள். அங்கும் அதே நீலத் திரை காத்திருக்கும்.

சோரின் ஓ.எஸ். உபுண்டுவிலிருந்து கிளைத்த அயர்லாந்துப் பிள்ளை. அதன் 18-ஆம் பதிப்பை விண்டோஸ் 10 விடைபெற்ற அதே நாளில், 2025 அக்டோபர் 14 அன்று வெளியிட்டார்கள். ஒரு மாதத்துக்குச் சற்றுக் கூடுதலான காலத்தில் பத்து லட்சம் டவுன்லோடுகள் என்றும், அவற்றில் 78 சதவீதத்துக்கு மேல் விண்டோஸ் கணினிகளில் இருந்து வந்தவை என்றும் அந்தக் குழுவே சொன்னது. தோற்றத்தில் விண்டோஸ்காரர்களுக்கு மிக இணக்கம். அடித்தளம் மிண்டைப் போலவே உபுண்டு 24.04 என்பதால், இரண்டில் எதை எடுத்தாலும் வாசலும் பூட்டும் ஒன்றுதான்.

டெபியன் அசையாத ஆலமரம். 2023-இல் வந்த 12-ஆம் பதிப்புக்கு முன்னால் வைஃபைக்கான ஃபர்ம்வேர் அதன் அதிகாரப்பூர்வக் கோப்பில் இருக்காது. நிறுவும்போதே இணையம் இல்லாமல் திண்டாடியவர்கள் பலர். அந்தக் கொள்கை மாறிவிட்டது. 2025 ஆகஸ்டில் வந்த 13-ஆம் பதிப்பு, ஐந்தாறு ஆண்டுப் பழைய கணினியில் போட்டுவிட்டு மறந்துபோக ஏற்றது. போன மாதம் வாங்கிய மடிக்கணினிக்கு அதன் கெர்னல் பழையதாகத் தெரியலாம்.

அப்படிப்பட்ட புது வன்பொருளுக்கு ஃபெடோரா. ரெட் ஹேட் நிறுவனத்தின் ஆதரவில் 2003 முதல் வருகிறது. ஆறு மாதத்துக்கு ஒரு பதிப்பு, ஒவ்வொன்றுக்கும் ஏறக்குறைய 13 மாத ஆயுள். கெர்னல் எப்போதும் புதிது, செக்யூர் பூட் ஏற்பாடு உறுதியானது. காப்புரிமைச் சிக்கலால் சில வீடியோ வகைகளுக்கான கோடெக்குகளைத் தனியாகச் சேர்க்க வேண்டியிருக்கும். ஆண்டுக்கு ஒருமுறையாவது பதிப்பு மாற்றும் பொறுமை உள்ளவருக்கு இது மிக நல்ல டிஸ்ட்ரோ. வாரத்துக்கு ஒருநாள் மட்டும் லினக்ஸைத் திறக்கிறவர் அந்த ஓட்டத்தோடு ஓட மாட்டார்.

ஆர்ச் குடும்பத்தின் ரோலிங் முறைக்கு இது இன்னும் அதிகமாகப் பொருந்தும். அங்கே பதிப்பு எண்ணே கிடையாது. அப்டேட்டுகள் ஆறுபோல வந்துகொண்டிருக்கும். தினமும் அதில் இறங்குகிறவருக்கு அது சுகம். பரீட்சை முடியும்வரை இரண்டு மாதம் விண்டோஸிலேயே இருந்துவிட்டுத் திரும்புகிறவருக்கு அணை திறந்தாற்போல் வெள்ளம் வரும். 2022 ஆகஸ்டில் ஒரு கிரப் அப்டேட்டால் ஆர்ச்சும் என்டெவர் ஓ.எஸ்.ஸும் பலரது கணினிகளில் பூட் ஆகாமல் நின்றன. கிரப்தான் இரண்டு குடித்தனத்துக்கும் பொது வாசல் என்பதை நினைத்தால், முதல் டூயல் பூட்டுக்கு ரோலிங் டிஸ்ட்ரோ வேண்டாம் என்று தயங்காமல் சொல்லலாம். கற்றுக்கொள்வதற்காகவே ஆர்ச் போடுகிறவர் அதை வர்ச்சுவல்பாக்ஸில் போட்டுப் பழகட்டும். அங்கே எத்தனை முறை உடைத்தாலும் வீட்டுக் கணக்குக்குச் சேதம் இல்லை.

டிஸ்ட்ரோவின் ஆயுளும் ஒரு கேள்விதான். ஆர்ச்சை எளிமையாக்கிப் பெயர் வாங்கிய ஆன்டர்கஸ் 2019 மே மாதம் மூடப்பட்டது. இன்டெல் போன்ற பெரிய நிறுவனம் நடத்திய கிளியர் லினக்ஸும் 2025 ஜூலையில் நின்றது. பின்னால் நிறுவனம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் எதற்கும் உத்தரவாதம் இல்லை என்றாலும், முப்பது ஆண்டுகளைக் கடந்த டெபியனையும், அதைத் தாயாகக் கொண்ட உபுண்டு, மிண்ட் குடும்பத்தையும் நம்பி இறங்குவது பாதுகாப்பானது.

எதை நிறுவினாலும் முதல் வாரத்தில் ஒரு வேடிக்கை நடக்கும். காலை பத்து மணிக்கு லினக்ஸிலிருந்து விண்டோஸுக்கு மாறினால், விண்டோஸின் கடிகாரம் நாலரை என்று காட்டும். பேட்டரி போய்விட்டது என்று சர்வீஸ் கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம். மதர்போர்டில் உள்ள கடிகாரத்தில் லினக்ஸ் உலகப் பொது நேரத்தை எழுதி வைக்கும். விண்டோஸ் அதையே உள்ளூர் நேரம் என்று படிக்கும். இந்தியாவுக்கும் இலங்கைக்கும் பொது நேரத்தோடு உள்ள வித்தியாசம் ஐந்தரை மணி என்பதால், பிழையும் சரியாக ஐந்தரை மணி நேரம். லினக்ஸில் ஒரு வரிக் கட்டளை கொடுத்து, உள்ளூர் நேரத்தையே எழுது என்று சொல்லிவிட்டால் சரியாகிவிடும்.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு டிஸ்ட்ரோத் தேர்வில் இன்னொரு கணக்கும் உண்டு. விண்டோஸில் அழகி, என்.எச்.எம். ரைட்டர் என்று பழகிய கை, லினக்ஸில் அந்தப் பெயர்களைத் தேடி ஏமாறும். தட்டச்சு வசதி இல்லாமல் இல்லை. ஐபஸ் என்ற உள்ளீட்டு முறையோடு எம்17என் தொகுப்பைச் சேர்த்தால் தமிழ்99, ஒலிபெயர்ப்பு, தட்டச்சுப்பொறி முறை, இன்ஸ்கிரிப்ட் எல்லாம் வந்துவிடும். உபுண்டு போன்ற ஜினோம் திரை உள்ளவற்றில் செட்டிங்கில் கீபோர்டு பகுதிக்குப் போய் தமிழைச் சேர்த்தால் போதும். இலங்கைத் தமிழ் விசைப்பலகையும் அந்தப் பட்டியலில் இருக்கும். கே.டி.இ. திரையை விரும்புகிறவர்களுக்கு எஃப்சிஐடிஎக்ஸ் 5 இன்னும் சுமுகமாக ஒத்துழைக்கிறது. நோட்டோ, லோஹித் தமிழ் எழுத்துருக்களைப் பெரிய டிஸ்ட்ரோக்கள் எல்லாவற்றிலும் நிறுவ முடியும்.

சிக்கல் பழைய கோப்புகளில்தான். பாமினியில் தட்டச்சு செய்த கல்யாணப் பத்திரிகையையும் வானவில்லில் அடித்த அலுவலகக் கடிதத்தையும் லினக்ஸில் திறந்தால், தமிழுக்குப் பதில் புரியாத ஆங்கில எழுத்துகள் வரிசையாக நிற்கும். அவை யுனிகோடு அல்லாத எழுத்துருக்கள். ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்தவை. அந்த எழுத்துருக் கோப்பை லினக்ஸின் எழுத்துருக் கோப்புறையில் வைத்துவிட்டால், லிப்ரே ஆஃபிஸில் தமிழ் தெரியும். பக்க வடிவமைப்பையே தொழிலாகக் கொண்டு பேஜ்மேக்கர் கோப்புகளைப் பல ஆண்டுகளாகச் சேர்த்து வைத்திருக்கும் அச்சகத்துக்கு, விண்டோஸ் பகுதி வெகுகாலம் தேவைப்படும். டூயல் பூட் என்ற ஏற்பாடு நியாயமாவதே இப்படிப்பட்ட இடத்தில்தான்.

விண்டோஸ் எதற்காக வேண்டும் என்பதைப் பொறுத்து, டூயல் பூட்டே தேவையா என்பதையும் யோசிக்கலாம். பைத்தான் கற்கவும் கட்டளைகள் பழகவும் மட்டும் லினக்ஸ் வேண்டும் என்றால், விண்டோஸுக்குள்ளேயே இயங்கும் டபிள்யூ.எஸ்.எல். போதும், பார்ட்டிஷனைத் தொடவே வேண்டாம். நாள் முழுக்க லினக்ஸில் இருந்துகொண்டு மாதம் ஒருமுறை ஒரு விண்டோஸ் நிரலைத் திறப்பவர், 16 ஜி.பி. ரேம் இருந்தால், விண்டோஸை வர்ச்சுவல் மெஷினில் வைத்துக்கொள்ளலாம். விளையாட்டு, வீடியோ எடிட்டிங், கிராஃபிக்ஸ் அட்டையின் முழு வேகம் தேவைப்படும் வேலை, ஆதரவு முடிந்த விண்டோஸ் 10-ஐ இணையத்தில் இருந்து விலக்கி வைத்து டேலிக்கு மட்டும் பயன்படுத்தும் கடை — இவர்களுக்குத்தான் டூயல் பூட்.

இத்தனையும் படித்த பிறகும் தேர்வு கடினமாக இருந்தால், பென்டிரைவிலிருந்தே லினக்ஸை ஓட்டிப் பார்க்கும் லைவ் முறை இருக்கிறது. மிண்டையும் ஃபெடோராவையும் இரண்டு மாலைகளில் மாற்றி மாற்றி ஓட்டலாம். வென்டாய் என்ற கருவியால் ஒரே பென்டிரைவில் இரண்டையும் வைத்துக்கொள்ளலாம். வைஃபை பிடிக்கிறதா, ஸ்பீக்கரில் சத்தம் வருகிறதா, பிரகாசத்தைக் கூட்டிக் குறைக்கும் விசை வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டும். முக்கியமாக, மூடியை மூடிவிட்டு ஐந்து நிமிடம் கழித்துத் திறந்து பார்க்க வேண்டும். உறக்கத்திலிருந்து எழாத லினக்ஸ் மடிக்கணினிகளைப் பற்றிய புகார் பழையது, இன்றும் தீராதது. அந்தச் சோதனையில் தோற்ற டிஸ்ட்ரோவை டிஸ்கில் ஏற்ற வேண்டாம். புதிய கெர்னல் உள்ள இன்னொன்றில் அதே மூடி சரியாக எழலாம்.

குடிவைக்கும்போதே காலி செய்யும் வழியையும் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. விண்டோஸிலிருந்து லினக்ஸ் பார்ட்டிஷனை மட்டும் நீக்கிவிட்டு ரீஸ்டார்ட் செய்தால், கிரப் தன் வீட்டைத் தேடிக் காணாமல் கருப்புத் திரையில் வெறும் கட்டளை வரியோடு நிற்கும். விண்டோஸ் போய்விட்டது என்று பதறி மொத்தக் கணினியையும் ஃபார்மட் செய்கிறவர்கள் உண்டு. விண்டோஸ் எங்கும் போகவில்லை. பயாஸ் செட்டிங்கில் பூட் வரிசையைத் திறந்து, விண்டோஸ் பூட் மேனேஜரை முதல் இடத்துக்கு ஏற்றிச் சேமித்தால் அது பழையபடி திறக்கும். பார்ட்டிஷனை நீக்குவதற்கு முன்பே அந்த வரிசையை மாற்றிவிட்டால், கருப்புத் திரையைப் பார்க்க வேண்டிய அவசியமே வராது.